வேகத்தடை கேட்பதற்கு முன்: உங்கள் ஊர்ச் சாலையை நீங்களே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

"மேற்படி சாலையில் அடிக்கடி விபத்து நடப்பதால் வேகத்தடை அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." இந்த வரியை எழுதாத குடியிருப்போர் நலச் சங்கம் தமிழ்நாட்டில் இருக்காது. நாங்களும் எழுதினோம், இரண்டு முறை. முதல் மனு எங்கே போனதென்றே தெரியவில்லை. இரண்டாவதற்குப் பலன் கிடைத்தது. ஒரே இரவில் தாரைக் கொட்டி, பனங்கட்டையைக் குறுக்கே கிடத்தியது போல ஒரு மேடு எழுப்பிவிட்டுப் போனார்கள். பஸ்கள் அதில் ஏறி இறங்கின. பைக்குகள் மேடு முடிகிற ஓரமாக மண்ணில் இறங்கிப் பறந்தன. அந்த மண் ஓரம்தான் பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகிற வழி. சில மாதங்கள் கழித்து, பேரன் ஓட்டிய வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்த பாட்டி ஒருவர் அந்த மேட்டிலேயே தூக்கி எறியப்பட்டார்.

டாக்டரிடம் போய் உட்கார்ந்ததும் "அந்தச் சிவப்பு மாத்திரையைக் கொடுங்க" என்று கேட்டால் எப்படியோ, அப்படித்தான் வேகத்தடை கேட்பதும். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று சொல்வது நம் வேலை. மாத்திரையை எழுதுவது பொறியாளர் வேலை. மூன்றாம் முறை நாங்கள் வலியை மட்டும் அளந்து கொண்டுபோனோம். ஒரு டேப், ஒரு செல்போன், சாக்பீஸ், ஆறேழு பேர், இரண்டு மூன்று வாரம். இவ்வளவுதான் தேவைப்பட்டது. அதை எப்படிச் செய்வது என்பதை, நாங்கள் செய்த தப்புகளோடு சேர்த்துச் சொல்கிறேன்.

அது யாருடைய சாலை?

எங்கள் முதல் மனு காணாமல் போனதற்குக் காரணம் எளிது. நகராட்சிக்கு எழுதினோம், சாலையோ நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊருக்கு நடுவே போகிறது என்பதால் அது ஊருடைய சாலை ஆகிவிடாது.

மைல்கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கருப்பு அல்லது நீலம் மாவட்டச் சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. கல் இல்லாத இடங்களில் நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் சாலையின் பெயரையும் கிலோமீட்டர் எண்ணையும் கேட்டால் சொல்லிவிடுவார்கள். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். கோட்டப் பொறியாளர்தான் நீங்கள் பார்க்கவேண்டியவர். தேசிய நெடுஞ்சாலையில் சில பகுதிகள் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடமும், சில பகுதிகள் மாநிலத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவிடமும் இருக்கும். உள்தெருக்கள் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி.

இதோடு முடியாது. தார் ஒருவருடையது, தெருவிளக்கு உள்ளாட்சியுடையது, மின்கம்பம் மின்வாரியத்துடையது, பஸ் எங்கே நிற்பது என்பது போக்குவரத்துக் கழகத்தின் முடிவு, பேரிகேட் போலீஸுடையது. முந்நூறு மீட்டர் நீளத்துக்குள் ஐந்து முதலாளிகள். ஒரு தாளில் படம் வரைந்து எது எது யாருடையது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மனுவைப் பிரித்து எழுதும்போது இந்தத் தாள் உதவும்.

நீளத்தைச் சுருக்குங்கள்

"எங்கள் ஊர் மெயின் ரோடு முழுக்க ஆபத்து" என்று சொன்னால் எந்தப் பொறியாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. 500 மீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். இந்த எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தேசிய நெடுஞ்சாலைகளில் விபத்துக் கரும்புள்ளி என்று எதைக் கணக்கில் எடுக்கிறது தெரியுமா? சுமார் 500 மீட்டர் நீளத்தில், மூன்று காலண்டர் ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து, அல்லது மொத்தம் பத்து மரணம். நீங்களும் அதே நீளத்தை எடுத்தால் உங்கள் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒரே மொழியில் பேசும்.

ஐந்து சேராவிட்டால் மனம் தளரவேண்டாம். கரும்புள்ளி என்பது ஆட்கள் செத்த பிறகு வைக்கும் பெயர். அதற்கு முன்னால் தடுக்கத்தானே இத்தனை பாடு.

பழைய விபத்துகளைத் திரட்டுதல்

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49. இந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் தெருவில் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. வேண்டியது உங்கள் 500 மீட்டரின் எண்.

காவல் நிலையத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள். கேள்வியை அகலமாக வைத்தால் பதிலும் அகலமாக வரும். "கடந்த மூன்று காலண்டர் ஆண்டுகளில், இந்த இடம் முதல் இந்த இடம் வரை பதிவான சாலை விபத்து வழக்குகளின் குற்ற எண், சட்டப் பிரிவு, நாள், நேரம், சரியான இடம், சம்பந்தப்பட்ட வாகன வகை, இறந்தோர் மற்றும் காயமடைந்தோர் எண்ணிக்கை" என்று கேளுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம். கேட்டால் அதையே காரணமாக்கி மறுப்பார்கள், நமக்கும் அது தேவையில்லை. வழக்குப் பிரிவைப் பார்த்தே கடுமையை ஊகிக்கலாம். 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ இருந்தால் மரணம், 338 என்றால் கொடுங்காயம். அதற்குப் பிந்தையவற்றில், அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) மரணம், 125(பி) கொடுங்காயம். விபத்துத் தரவுகளை இப்போது போலீசார் ஐராட் என்ற செயலியில் இடத்தோடு ஏற்றுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியது அது. ஆகவே "இடம் தெரியவில்லை" என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆனால் காவல் நிலையத்துக்கு வராத விபத்துகள்தான் அதிகம். முட்டி சிராய்த்தது, ஹேண்டில்பார் வளைந்தது, ஐந்நூறு ரூபாயில் பேசி முடித்தது எல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை. அவை பஞ்சர் கடைக்காரரின் ஞாபகத்தில் இருக்கும். டீக்கடை, பூக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட் ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனியாகப் போய்க் கேளுங்கள், கூட்டமாக வைத்துக் கேட்காதீர்கள். கூட்டமாகக் கேட்டால் ஒரே விபத்து நான்காகப் பெருகும். நாங்கள் முதலில் அப்படித்தான் கேட்டு, ஒரே லாரியை மூன்று லாரியாக எண்ணிவைத்திருந்தோம்.

கிடைத்ததையெல்லாம் ஒரு படத்தில் குறியுங்கள். வண்டி எந்தத் திசையில் வந்தது, அடிபட்டவர் எங்கிருந்து எங்கே போனார், மணி என்ன. பத்துப் பன்னிரண்டு அம்புக்குறி விழுந்ததுமே ஏதோ ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். எங்கள் படத்தில் அம்புகளெல்லாம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே குவிந்தன, அதுவும் மாலை ஆறு மணிக்கு மேல். நாங்கள் வேகத்தடை கேட்டு வாங்கிய இடமோ அங்கிருந்து நெடுந்தூரம் தள்ளி, சங்கத் தலைவர் வீட்டு வாசலில்!

நடந்து பாருங்கள்

பைக்கில் போய்ப் பார்ப்பது கணக்கில்லை. நடக்கவேண்டும், மூன்று முறை: காலையில் பள்ளி நேரத்தில், இருட்டிய பிறகு, ஒரு மழை நாளில். கூடவே எழுபது வயதுக்காரர் ஒருவரை அழைத்துப் போங்கள். நம் கண்ணுக்குப் படாததெல்லாம் அவர் காலில் படும்.

அப்படித்தான் ஒரு விஷயம் எங்களுக்குப் பிடிபட்டது. ஏழு மீட்டர் அகலச் சாலையைக் கடக்க ஆரோக்கியமான ஆளுக்கு ஆறு விநாடி போதும். கணக்குப்படி விநாடிக்கு 1.2 மீட்டர் நடை. வயதானவர் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார். அவருக்கு ஒன்பது விநாடி. 60 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி அந்த ஒன்பது விநாடியில் 150 மீட்டர் வந்துவிடும். அதாவது அவர் சாலையில் கால் வைக்கும்போது 150 மீட்டர் தூரம் வரை வெறுமையாகத் தெரியவேண்டும். வளைவு 90 மீட்டரிலேயே இருந்தால்? அவர் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார், வண்டி பிறகுதான் தோன்றுகிறது. "பார்க்காம குறுக்க வந்துட்டாங்க" என்று நாம் சொல்கிற விபத்துகளில் எத்தனை இப்படியோ.

ஓட்டுநர் பக்கமிருந்தும் பாருங்கள். வண்டியை நிறுத்தத் தேவையான பார்வைத் தூரம் என்று நம் சாலை விதிமுறைகளில் எண்கள் உண்டு: 30 கி.மீ. வேகத்துக்கு 30 மீட்டர், 40க்கு 45, 50க்கு 60, 60க்கு 80. ஒருவர் கடக்கும் இடத்தில் நிற்கட்டும். இன்னொருவர் பைக்கில் உட்கார்ந்தபடி எவ்வளவு தூரத்திலிருந்து அவரைப் பார்க்க முடிகிறது என்று டேப்பால் அளங்கள். மறைப்பது எது என்று எழுதுங்கள். பெரும்பாலும் அது மலிவான பொருளாகவே இருக்கும்: கருவேலங்கிளை, தலைவர் பிறந்தநாள் ஃபிளெக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர், ஓரமாக நிறுத்திய டாடா ஏஸ். கிளையை வெட்டுவதற்கு டெண்டர் தேவையில்லை.

நடைமேடை இருந்தால் அகலத்தை அளங்கள். தடையில்லாமல் 1.8 மீட்டராவது வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. நம் ஊர்களில் அது முழங்கால் உயரம் இருக்கும், மேலே ஒரு ஜெனரேட்டரும் உட்கார்ந்திருக்கும். பிறகு மக்கள் சாலையில்தான் நடப்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்.

எண்ணுதல்

முகூர்த்த நாள், சந்தை நாள், பள்ளி விடுமுறை, அமாவாசை எல்லாம் வேண்டாம். செவ்வாய், புதன், வியாழனில் ஒரு சாதாரண நாள். எங்கள் முதல் எண்ணிக்கையை அரையாண்டுத் தேர்வு நாளில் எடுத்துவிட்டோம். பிள்ளைகள் பாதிப் பேர் காலையிலும் மீதிப் பேர் மதியமும் வந்தார்கள். முழு நாள் உழைப்பு வீண்.

காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் போதும். கால் மணிக்கு ஒரு கட்டம் என்று தாளில் கோடு போட்டு, நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கிற பழைய முறையே நல்லது. இரு சக்கரம், ஆட்டோ, கார், பஸ், லாரி, சைக்கிள் தனித்தனி. ஒருவர் ஒரு திசையை மட்டும் பார்க்கட்டும். சாலையைக் கடப்பவர்களை எண்ண இன்னொருவர். வண்டிகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் "டிராஃபிக் அதிகம், ரோட்டை அகலப்படுத்தணும்" என்ற பதில்தான் வரும். அகலப்படுத்தினால் பாட்டிக்குப் பன்னிரண்டு விநாடி ஆகும்.

எண்ணி முடித்ததும் ஒரு கணக்கு. சாலை விதிமுறைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் பாதசாரி வழிகாட்டியில் உள்ளது, பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. உச்ச மணி நேரங்களில் சராசரியாக ஒரு மணிக்குக் கடக்கிறவர்கள் எத்தனை பேர், இரு திசையிலும் வருகிற வண்டிகள் எத்தனை என்று எடுங்கள். வண்டி எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, ஆள் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். நடுவில் மீடியன் இல்லாத சாலையில் விடை பத்துக் கோடியைத் தாண்டினால் அங்கே முறையான, கட்டுப்படுத்தப்பட்ட கடவை (ஆட்கள் சாலையைக் கடக்கும் இடம்) தேவை. மீடியன் உள்ள சாலையில் இருபது கோடி. உதாரணத்துக்கு 180 பேர், 900 வண்டி என்று வைத்துக்கொள்வோம். 900 தடவை 900 எட்டு லட்சத்துப் பத்தாயிரம். அதை 180ஆல் பெருக்கினால் பதினான்கரைக் கோடிக்கு மேல். இந்த ஒரு எண் மனுவில் இருந்தால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் உண்டு. சாலை மிகவும் பயங்கரமாக இருந்தால் யாருமே கடக்கமாட்டார்கள், எண் குறைந்துவிடும். எதிர்ப்பக்கம் இருக்கிற ரேஷன் கடைக்கு ஆட்டோ வைத்துப் போகிறவர்கள், பிள்ளையைத் தனியாக அனுப்பாத அம்மாக்கள் எல்லாம் எண்ணிக்கையில் வரமாட்டார்கள். பத்து வீட்டில் கேட்டு, அதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

வேகம்

"கண்மண் தெரியாம போறாங்க" என்பது அளவு ஆகாது. சாலையோரம் 50 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். முன்சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் முதல் ஆள் கையசைக்கட்டும். இரண்டாவது கோட்டில் நிற்பவர் உடனே செல்போன் ஸ்டாப்வாட்சை அழுத்தி, சக்கரம் தன் கோட்டைத் தொட்டதும் நிறுத்தட்டும். 180ஐ வந்த விநாடியால் வகுத்தால் வேகம் கிடைக்கும். மூன்று விநாடி என்றால் 60, நான்கரை என்றால் 40, ஆறு என்றால் 30. இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் வீடியோ எடுத்து வீட்டில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

மரத்தடியிலோ கடைத் திண்ணையிலோ நில்லுங்கள். எங்களில் ஒருவர் வெள்ளைச் சட்டை, கையில் நோட்டோடு சாலையோரமே நின்றார். ஹெல்மெட் பிடிக்கிறார்கள் என்று நினைத்து ஊரே ஊர்ந்து போனது. அன்று எங்கள் சாலைதான் இந்தியாவிலேயே ஒழுங்கான சாலை.

கூட்டம் குறைவான நேரத்தில் நூறு வண்டி போதும். வேகத்தை ஏறுவரிசையில் எழுதுங்கள். சராசரி முக்கியமில்லை, 85ஆவது வண்டியின் வேகத்தைச் சொல்லுங்கள். நூற்றில் எண்பத்தைந்து பேர் அந்த வேகத்துக்குள் போகிறார்கள் என்று அர்த்தம், பொறியாளர்கள் பார்ப்பதும் இதைத்தான். சாலையில் வேக வரம்புப் பலகை இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சென்னையில் 2023 நவம்பரில் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 கி.மீ. என்று வரம்பு வைத்தார்கள். 50 கி.மீ. வேகத்தில் காரின் முன்பக்கம் மோதுவதைவிட 65இல் மோதினால் நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறும் பதினைந்து கிலோமீட்டர்தான் கூடுதல்.

வேகத்தோடு கூட "தப்பித்தது" களையும் எண்ணுங்கள். சடன் பிரேக், பின்வாங்கி ஓடியது, ஹாரன் அலறலோடு வளைத்துப் போனது. ஒரு மணி நேரத்தில் பல விழும். விபத்து வருடத்தில் ஒன்றிரண்டு. இது தினமும் நடக்கிற ஒத்திகை.

மனு எழுதுதல்

இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க எண்கள், இரண்டாவது படம், கூட நான்கு புகைப்படம். "ஆவன செய்யுமாறு" வேண்டாம். "கி.மீ. இத்தனை முதல் இத்தனை வரை, மாலை 6 முதல் 8 வரை, பஸ்ஸிலிருந்து இறங்கி எதிர்ப்பக்கம் போகிறவர்கள் அடிபடுகிறார்கள், பஸ் நிற்கும்போது பின்னால் வரும் வண்டிக்கு அவர்கள் தெரிவதில்லை, விளக்கு இல்லை" என்று நடப்பதை எழுதுங்கள். தீர்வை அவர்கள் சொல்லட்டும். எங்களுக்குப் பதில் சொன்ன பொறியாளர், நாங்கள் நினைத்தே பார்க்காத ஒன்றைச் சொன்னார்: பஸ் நிறுத்தத்தைக் கடவையைத் தாண்டித் தள்ளிவைத்தால் ஆட்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள், எதிரே வருகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் நன்றாகத் தெரிவார்கள். செலவு, ஒரு பெயர்ப்பலகையும் ஒரு கடிதமும்.

ஆனாலும் வேகத்தடை பற்றி ஒன்று தெரிந்துவைத்திருங்கள், அவர்களே அதைச் சொன்னால் சரியாகப் போடுகிறார்களா என்று பார்க்க. இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்கிற வட்ட மேட்டின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். 25 கி.மீ. வேகத்தில் வலிக்காமல் கடக்கலாம். முன்னால் 40 மீட்டரில் எச்சரிக்கைப் பலகை, மேட்டின் மேல் கோடு. ஒரு முழம் அகலத்தில் எழுப்பிய கட்டை வேகத்தடை ஆகாது. தேசிய நெடுஞ்சாலையில் பொதுவாக வேகத்தடையே கூடாது என்பது அமைச்சகத்தின் நிலை. அங்கே சாலையை அதிரவைக்கிற ரம்பிள் கோடுகள், மீடியன் நடுவே ஒதுங்கி நிற்க இடம், விளக்கு என்று வேறு வழிகள்தான்.

எங்கே கொடுப்பது? சாலைக்குச் சொந்தக்காரருக்கு ஒன்று. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒன்று, மேலே "மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்கு" என்று எழுதி. ஆட்சியர் தலைமையில் இப்படியொரு குழு உண்டு, பலருக்கும் தெரியாது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2017 நவம்பர் 30 அன்று வந்த உத்தரவு மாவட்டம்தோறும் இக்குழு வேண்டும் என்றது. உடைந்த எலும்பை ஒட்டவைத்துக்கொண்டிருந்தவர் எலும்பு உடையும் இடத்தைத் தேடிப் போன கதை அது. கிராமமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது.

யாருமே கேட்காவிட்டால் மட்டும் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவை நினைவூட்டுங்கள். விதிமுறைப்படி சாலையை வடிவமைக்காத, பராமரிக்காத அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும், அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் கடிதத்திலேயே இதை எழுதாதீர்கள். நாம் திரும்பத் திரும்பப் போய் நிற்கவேண்டிய அலுவலகம் அது.

வேலை முடிந்த பிறகு

இங்கேதான் பெரும்பாலோர் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள். வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து, அதே கிழமை, அதே நேரம், அதே சாக்பீஸ் கோடு, அதே கணக்கு. 85ஆவது வண்டி குறைந்ததா, தப்பித்தவை குறைந்தனவா, ரேஷன் கடைக்கு இப்போது யார் நடந்து போகிறார்கள். குறையவில்லை என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள். பழைய தாளோடு இணைத்து.

எங்கள் பஸ் நிறுத்தம் நகர்ந்துவிட்டது. பழைய மேட்டைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். தெருவிளக்கு இன்னும் வரவில்லை, அது வேறு முதலாளி. பஸ்ஸிலிருந்து இறங்குகிற சிலர் பழக்கத்தில் இன்னமும் பழைய இடத்துக்கே நடந்து வந்து கடக்கிறார்கள். அடுத்த எண்ணிக்கையை ஜூன் மூன்றாவது வாரத்தில், பள்ளி திறந்து பிள்ளைகள் கூட்டம் நிலைப்பட்ட பிறகு, ஒரு புதன்கிழமை வைத்திருக்கிறோம். வெள்ளைச் சட்டைக்காரரிடம் வேறு நிறத்தில் உடுத்தி வரச் சொல்லியாகிவிட்டது.